சளி பாயின் கம்பளி

கார் நின்றுபோனால் அதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம் என்பது மெக்கானிக்குகள் கிளப்பிவிட்ட புரளி. ஒரே காரணம்தான், சளி. கொடைக்கானலில் எங்கள் தெருமுனையில் யூகலிப்டஸ் தைலம் விற்கும் பாயின் கண்டுபிடிப்பு இது. அதனால் அவர் பெயரே சளி பாய் ஆகிவிட்டது. வீட்டில் வைத்த பெயர் யாருக்குத் தெரியும்?

டயர் பஞ்சரான ஜீப்பைக்கூட அவர் விட்டதில்லை. பானெட்டில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "நெஞ்சுல கட்டிக் கெடக்குங்க" என்பார். டூரிஸ்ட்டுகள் பயந்துபோய் ஆளுக்கொரு பாட்டில் தைலம் வாங்கிப் போவார்கள்.

போன மார்கழியில் என் காரே அவரிடம் சிக்கியது. மகளுக்கு மதுரையில் இன்டர்வியூ. இதற்கு முன் போன இடமெல்லாம் கையை விரித்துவிட்டார்கள். இதுவும் போனால் பிள்ளை ஒடிந்துபோவாள் என்று எனக்கு உள்ளூரப் பயம். வெள்ளனே வெளியே வந்தால் பானெட் மேல் கனத்த கம்பளி ஒன்று கிடந்தது. யார் வேலை என்று சொல்லவும் வேண்டுமா? அதைச் சுருட்டி டிக்கியில் எறிந்துவிட்டுச் சாவியைத் திருப்பினேன். இஞ்சின் சுற்றியது, ஆனால் பிடிக்கவில்லை. பேட்டரி நன்றாக இருந்தது, பெட்ரோலும் இருந்தது. மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள்.

பாய் வந்து நின்றார்.

"ராத்திரியே போத்திவிட்டேனே சார், அப்பவுமா புடிச்சிருச்சு?"

"வெளையாடாதீங்க பாய். பஸ்ஸும் போயிருச்சு."

"செத்த வெலகுங்க."

பானெட்டைத் திறந்து, காற்று போகும் குழாயில் தைலத்தைத் தாராளமாகத் தடவினார். அதுதான் காருக்கு மூக்காம்.

வாடை ஏறியதும் உள்ளேயிருந்து கொழுத்த எலி ஒன்று துள்ளி, பாயின் தோள் வழியாக இறங்கி ஓடியது. அது கிளம்பிய இடத்தில் ஒரு ஒயர் கடிபட்டுத் தொங்கியது. குளிருக்குக் கம்பளியும் போட்டுக் கொடுத்தால் எலி குடிவராமல் என்ன செய்யும்? முனைகளைச் சீவி, முறுக்கி, டேப் சுற்றினேன். ஒரே திருப்பில் கார் பிடித்தது.

"பாருங்க சார், சளி எறங்கி ஓடுது," என்றார் பாய், எலி போன திசையைக் காட்டி.

வத்தலகுண்டு தாண்டும்வரை அவரைத் திட்டிக்கொண்டே ஓட்டினேன்.

மகளுக்கு வேலை கிடைத்துவிட்டது. சாயங்காலம் அல்வாவோடு போனால் கடை பூட்டியிருந்தது. வீட்டில் பாய் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டு, அதற்கு மேல் ஒரு சாக்கையும் போர்த்திக்கொண்டு தும்மிக்கொண்டிருந்தார்.

"வேற கம்பளி இல்லையா பாய்?"

"இருந்தது அது ஒண்ணுதான் சார். பாப்பாவுக்குக் காலையில சோலி இருக்கே, வண்டி படுத்துக்கிட்டா என்ன செய்யும் புள்ள?"

டிக்கியிலிருந்து கம்பளியை எடுத்துவந்து போர்த்திவிட்டேன். பிறகு குனிந்து, அவர் நெஞ்சில் காதை வைத்தேன்.

"கட்டிக் கெடக்கு பாய். தைலம் எங்க இருக்கு?"