போன தடவை வந்தாச்சுல்ல?

செய்தி வந்தபோது பிற்பகல் மணி ஒன்று ஐந்து. பரீட்சை மண்டபத்திலிருந்து முதல் ஆளாக வெளியே வந்த ஒருவர், எதிரிலிருந்த ஜெராக்ஸ் கடைக்குள் தலையை நீட்டி, "அண்ணே, நிகழ்தகவு வந்திருச்சு. ஒண்ணு இல்ல, ரெண்டு!" என்றார். இயந்திரத்தின் மூடியைத் தூக்கிய கடைக்காரர் தூக்கியபடியே நின்றார். பிறகு சொன்னார்: "கேள்வித்தாள் எடுத்தவருக்கு அனுபவம் பத்தாது."

இந்த இனம் உங்களுக்குப் பழக்கமானதுதான். கேள்வி ஊகிப்பவர். அவர் பாடம் படித்தவர் அல்லர், நடத்துபவரும் அல்லர். ஆனால் வரப்போகிற பரீட்சையில் என்ன வரும், அதைவிட முக்கியமாக என்ன வராது என்பது மட்டும் அவருக்கு அத்துப்படி. பரீட்சைக்கு ஒரு மாதம் முன்பு கடையின் மேசையில் பழைய கேள்வித்தாள்களை விரித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, சிவப்புப் பேனாவின் மூடியைப் பல்லால் கடித்துக் கழற்றி, ஆறிப்போன டீயைத் தண்ணீர் என்று நினைத்து ஒரு வாய் குடித்து முகம் சுளித்து, கடைசியில் ஒரு தாளில் "நிச்சயம் வரும்" என்று இருபது கேள்விகளையும், "கண்ணை மூடிக்கொண்டு விட்டுவிடலாம்" என்று ஓர் அத்தியாயத்தையும் எழுதி, நகலெடுத்து ஊருக்கெல்லாம் கொடுப்பார். இலவசமாகத்தான். தீர்க்கதரிசனத்துக்கு யாராவது கட்டணம் வாங்குவார்களா?

அவருடைய கணிதம் மொத்தமும் ஒரே சூத்திரம்: "போன தடவை வந்தாச்சுல்ல?" போன தடவை வந்தது இந்தத் தடவை வராது, போன தடவை வராதது இந்தத் தடவை வந்தே தீரும். பேருந்து, மழை, மின்வெட்டு எல்லாவற்றுக்கும் இதே சூத்திரம்தான். நேற்று நனைந்தாயிற்று என்று இன்று குடையை வீட்டில் வைத்துவிட்டு வந்து இன்றும் நனைவார். காசை மூன்று முறை சுண்டித் தலை விழுந்துவிட்டால் நாலாவது முறை பூதான் என்று சத்தியம் செய்வார். காசுக்கு ஞாபகசக்தி கிடையாது என்பதை எந்தப் பாடம் சொல்கிறதோ அந்தப் பாடத்தைத்தான் இந்த வருடம் விட்டுவிடச் சொல்லியிருந்தார். நிகழ்தகவு. மூன்று தடவை தொடர்ந்து வந்துவிட்டதாம்.

சரி, ஊருக்கு வராது என்று சொல்லி அது வந்தால் என்ன போயிற்று? "எடுத்தவருக்கு அனுபவம் பத்தாது" என்று கதவைச் சாத்திவிடலாம். ஆனால் இந்த முறை உள்ளே உட்கார்ந்து எழுதியவர்களில் ஒருத்தி அவருடைய மனைவி.

அவள் ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்கூடத்தில் பதினோரு வருடமாகச் சோதனைக்குழாய் கழுவுகிறவள். அங்கே உதவியாளர் வேலை ஒன்று காலியாகியிருந்தது. குழாய்களை இனி கழுவ வேண்டாம், அவை காட்டும் அளவுகளைப் படிக்கலாம். ஒரே நிபந்தனை, பள்ளிக்கூடக் கணக்கில் தேறியிருக்க வேண்டும். இரண்டு முறை தவறியிருந்தாள். இடத்தை அடுத்த மாதம் வரைதான் காலியாக வைத்திருக்க முடியும் என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார்.

"ஏங்க, நிகழ்தகவு பன்னெண்டு மார்க்காச்சே. அதைப் போய் விடச் சொல்றீங்களே?"

"நான் சொல்றேன்ல. இடைநிலை அளவு பாரு. நாலு வருஷமா வரல. இந்தத் தடவை வரலன்னா மீசையை எடுத்துடறேன்."

"மீசையைப் போன தடவையே எடுத்தாச்சுங்க."

அன்று அவள் ஒரு காரியம் செய்தாள். வீட்டில் கிடந்த கணவரின் பழைய தாள்கள் ஆறையும் எடுத்து, ஒவ்வொரு முறையும் இருபதில் எத்தனை பலித்தது என்று எண்ணினாள். ஏழு, நான்கு, ஆறு, ஐந்து, மூன்று, ஐந்து. கூட்டினால் முப்பது, ஆறால் வகுத்தால் சராசரி ஐந்து. வகுக்கும்போது, எத்தனை எண்களோ அதனால்தான் வகுக்க வேண்டும், கைக்கு வந்ததால் அல்ல என்பதையும் போன பரீட்சைத் தழும்பு ஞாபகப்படுத்தியது. இருபதுக்கு ஐந்து. அவளுக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது: இவர் வராது என்றால் வரும், வரும் என்றால் வராது.

மறுநாளிலிருந்து சாப்பாட்டு இடைவேளைகளில் குழாய் மூடிகள் ஐந்து சிவப்பு, மூன்று நீலம் எடுத்து ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்கினாள். பக்கத்து மேசை டெக்னீஷியன் வேடிக்கை பார்த்தாள்.

"என்னக்கா, சோறு திங்கற நேரத்துல தாயம் ஆடறீங்க?"

"கணக்குடி. முதல் மூடி சிவப்பு வர எட்டுக்கு அஞ்சு. ரெண்டாவது?"

"அதுவும் எட்டுக்கு அஞ்சுதானே?"

"இந்தா, என் கையில இருக்கறது என்ன? இது வெளிய வந்தப்புறம் உள்ள எட்டு எங்க இருக்கு? ஏழுக்கு நாலு. இதை மறந்துதான் ரெண்டு தடவை கோட்டை விட்டேன்."

இடைநிலை அளவு? அந்தப் பக்கத்தையே திறக்கவில்லை. கணவரின் தாளில் அதுதான் முதல் கேள்வி, அப்படியென்றால் வராது. அவள் எண்ணிய எண்ணிக்கையே நாலில் ஒன்று பலிக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தது. கேட்க ஆளில்லை.

பரீட்சையன்று மண்டபத்தில் நிகழ்தகவு இரண்டையும் பிழையில்லாமல் எழுதினாள். திரும்ப வைக்காமல் இரண்டு பந்து எடுக்கச் சொன்ன கேள்வியில் இடது கை தானாக ஒரு மூடியைப் பிடித்துக்கொண்டது போல் மடங்கியது. விடை ஒன்றுக்கு மேல் போயிருக்கிறதா என்று பார்த்தாள், போகவில்லை. தாளைத் திருப்பினாள். கட்டாயக் கேள்வி: பதினோரு எண்கள், இடைநிலை அளவு காண்க. அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. பாவி மனுஷன், போயும் போயும் இதிலா பலிக்க வேண்டும்!

வெளியே வந்தவள் நேராகக் கடைக்குப் போனாள். அவர் மூடியை இறக்கி வைத்துவிட்டு, குற்றவாளிபோல் எழுந்து நின்றார்.

"நிகழ்தகவு..." என்று இழுத்தார்.

"எழுதிட்டேன்."

"எப்படி?"

"நீங்க வராதுன்னு சொன்னீங்கல்ல."

அவமானம் வந்து எட்டிப் பார்த்துவிட்டு இடமில்லாமல் திரும்பிப் போனது. "இடைநிலை வந்துச்சா?"

"வந்துச்சு."

"பாத்தியா!" என்றார் கடைக்கு வெளியே போகிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி. "நான் சொன்னேன்ல!"

மூன்றாம் வாரம் முடிவு வந்தது. தேறிவிட்டாள், இரண்டு மதிப்பெண் அதிகம். இப்போது குழாய்களைப் படிக்கிறாள். அடுத்த பரீட்சைக்கான தாளின் தலையில் அவர் "வீட்டிலேயே பலித்தது" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்.

வாசகரே, அவரைப் பார்த்து நீங்கள் சிரித்திருந்தால் தப்பில்லை, அவள்கூடத்தான் சிரித்தாள். ஆனால் ஆறு தாள்களின் கணக்கைப் படித்தபோது, "இந்த ஆள் சொன்னதற்கு நேர்மாறாகச் செய்தால் போதும்" என்று நீங்களும் தலையாட்டினீர்களா? அல்லது, இத்தனை தடவை தப்பிவிட்டதே, அடுத்த தடவை கட்டாயம் பலிக்கும் என்று அந்த மனிதர்மேல் இரக்கப்பட்டீர்களா? எப்படியானாலும் உங்களுக்கும் கடையில் ஒரு சிவப்புப் பேனா இருக்கிறது.

அந்தக் கட்டாயக் கேள்விக்கு, எண்களை முதலில் ஏறுவரிசையில் அடுக்க வேண்டும் என்ற ஒன்று மட்டும் அவளுக்குக் கடைசி நிமிடங்களில் ஞாபகம் வந்தது. மணி அடித்தபோது பதினொன்றில் ஏழு எண்கள் வரிசையில் நின்றிருந்தன; நடு எண்ணான ஆறாவதை, அதாவது விடையை, தாண்டிவிட்டது அவளுக்குத் தெரியாது.