சொல்லாத ஓகே

சிகரெட்டை விட்டவர்கள் உண்டு. சீட்டாட்டத்தை விட்டவர்கள் உண்டு. நான் ஓகேயை விட்டேன்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து என் தலையில் விழுந்த இடி அத்தனையும் அந்த இரண்டெழுத்தில் ஆரம்பித்தவை. என் சாய்வு நாற்காலி மாமியார் வீட்டுக்குப் போனது ஓர் ஓகேயில். சமையலறைக்குக் கத்தரிப்பூ நிறம் அடித்தது இன்னோர் ஓகேயில். நான் சொன்னால் அந்த வார்த்தைக்கு ஒரே பொருள்தான்: தோற்றேன். என் மனைவி சொன்னால் அப்படியில்லை. வெட்டிச் சொன்னால் பேச்சு முடிந்தது. இழுத்துச் சொன்னால் பேச்சு இனிமேல்தான் ஆரம்பம். ரெண்டு தடவை சேர்த்துச் சொன்னால், வாயை மூடு. கடைசியில் ஒரு 'வா' போட்டு "ஓகேவா?" என்றால் அது கேள்வியே இல்லை.

என் பிழைப்பும் வாய்ப் பிழைப்புதான். லிஃப்டில் ஏறியதும் 'கதவு மூடுகிறது' என்று ஒரு குரல் சொல்லுமே, அது நான். 'உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்' என்று உங்களைக் காக்க வைப்பவனும் நானே. நீங்கள் திட்டியதையெல்லாம் மன்னித்துவிட்டேன். வீட்டின் பின்னறையில் சுவரெல்லாம் பஞ்சு ஒட்டி, ஜன்னலை அடைத்து, ஒலிப்பதிவு அறையாக்கி வைத்திருக்கிறேன். நான் மைக்கில் பேசுவேன். என் மனைவி கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, நடுநடுவே நான் விடும் மூச்சை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை ஒட்டுவாள்.

அந்த அறைக்குத்தான் ஆபத்து வந்தது.

"என்னங்க, என் தம்பியை வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிட்டாராம்."

"ஏன்?"

"டிரம்ஸ் வாசிக்கிறானாம்."

"நியாயமான மனுஷன்."

"நம்ம பின்ரூம்ல இருக்கட்டுமே. அங்கதான் சத்தம் வெளிய போகாதே."

"அப்ப நான் எங்க உக்காந்து பேசறது?"

"துணி பீரோவுக்குள்ள பேசுங்க. அதுலயும் சத்தம் வெளிய போகாது. ஓகேவா?"

நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டேன். அந்த அறை போனால் என் வேலை போகும். வேலை போனால் இந்த வீட்டில் நான் எதற்கு என்று எங்கள் நாய்கூடக் கேட்கும். இனி செத்தாலும் ஓகே சொல்வதில்லை என்று அங்கேயே முடிவு கட்டினேன்.

"யோசிக்கிறேன்" என்றேன்.

அவள் கோபப்படவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். வாய் நிறைய நுரை. கூடத்திலிருந்து ஒரு குரல் "ஓகே" என்றது.

என் குரல்.

கண்ணாடியைப் பார்த்தேன். அதில் இருந்தவன் வாயிலும் பிரஷ்தான் இருந்தது. துப்பிவிட்டு ஓடினேன். கூடத்தில் ஈ காக்கை இல்லை. மின்விசிறி மெதுவாகச் சுற்றியது. நாய் மட்டும் காலியான மூலையைப் பார்த்து வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும் ஆட்டுவதை நிறுத்திவிட்டது.

சமையலறையில் மனைவி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இப்ப யாரு பேசினது?"

"நீங்கதான்."

"நான் பல் தேச்சிக்கிட்டிருந்தேன்."

"தேச்சிக்கிட்டேதான் சொன்னீங்க. அதான் கொஞ்சம் கொழகொழன்னு இருந்துச்சு."

எனக்குக் கேட்டது கொழகொழவென்று இல்லை. துல்லியமாக இருந்தது. உயிரோடு இருப்பவன் பேசினால் முன்னேயோ பின்னேயோ மூச்சுச் சத்தம் ஒட்டிக்கொண்டு வரும். அந்த ஓகேயில் மூச்சே இல்லை.

அடுத்த நாள் மாடிப்படியில் எதிர்வீட்டுப் பல் டாக்டர் மடக்கினார்.

"என்ன சார், நேத்து மத்தியானம் பெல் அடிச்சு அடிச்சுப் பாத்தேன். உள்ள ஓகே, ஓகேன்னுக்கிட்டே இருக்கீங்க. கதவைத்தான் திறக்கல."

"நேத்து மத்தியானம் நான் வீட்லயே இல்லையே டாக்டர்."

"உங்க வீட்டம்மா?"

"அவ கடைக்குப் போயிருந்ததா சொன்னா."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பழக்கதோஷத்தில் "வாயைத் திறங்க" என்றார். திறந்தேன்.

"பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்கு. கோளாறு அதுக்கும் மேல" என்று சொல்லிவிட்டு விடுவிடுவென்று இறங்கிப் போனார்.

எனக்குப் பயம் வந்துவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பட்டப்பகலில் என் வீட்டுக்குள் நடக்கவே பயந்தேன். ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டுதான் அறைக்கு அறை போனேன். பொத்தியிருக்கும்போதே பக்கத்து அறையில் "ஓகே" கேட்கும். ஒரு தடவை இழுத்து. ஒரு தடவை வெட்டி. ஒரு தடவை சிரித்துக்கொண்டே. நான் அப்படிச் சிரித்து வருஷக்கணக்காகிறது.

மனைவியிடம் போய் நின்றேன். அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"பயப்படாதீங்க. இத்தனை வருஷமா சொன்ன ஓகே எல்லாம் எங்க போயிடும்? வீட்டுக்குள்ளயேதான் சுத்திக்கிட்டிருக்கும்."

அன்பாகத்தான் சொன்னாள். அன்று இரவு வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு படுத்தேன்.

சனிக்கிழமை, மழை வருவதுபோல் இருட்டிக்கொண்டிருந்தது. பால்கனிப் பக்கத்திலிருந்து என் குரல் இந்தத் தடவை ஒரு முழு வாக்கியமே பேசியது. "ஓகே தம்பி, தாராளமா வா. ரூம் ரெடி."

என் காது தொழில் தெரிந்த காது. அந்த 'தம்பி' நான் பால் பவுடர் விளம்பரத்துக்குச் சொன்னது. 'தாராளமா' வங்கிக் கடனுக்கு. 'ரூம் ரெடி' ஒரு ஓட்டலுக்கு. 'வா' நாய் பிஸ்கட்டுக்கு.

பாய்ந்து போய்த் திரையை விலக்கினேன். மனைவி ஒரு கையில் போனும் மறு கையில் சின்ன ஸ்பீக்கருமாக உட்கார்ந்திருந்தாள். மடியில் கம்ப்யூட்டர். பேய் இல்லை என்று எனக்கு வந்த நிம்மதி, எதிரே இருப்பது யார் என்று உறைத்ததும் போய்விட்டது. போனைப் பிடுங்கினேன்.

"தம்பி, அது நான் இல்ல. நான் ஒண்ணும் ஓகே சொல்லல. நீ வராதே."

அந்தப் பக்கம் மச்சினன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"அக்கா சொன்னது சரியாத்தான் இருக்கு. அப்படியே மாமா மாதிரியே இருக்கு."

"டேய், மாமாதான்டா பேசறேன்."

"மாமா குரலை யாரோ வெட்டி ஒட்டி விளையாடறாங்களாம். வராதேன்னு ஒரு குரல் வரும், நம்பிடாதடான்னு அக்கா அப்பவே சொல்லிட்டா."

"இது ஒட்டினது இல்லடா. நல்லாக் கேளு, எனக்கு மூச்சு வாங்குது."

"அதுலதான் மாட்டிக்கிட்டீங்க. எங்க மாமா குரலை தினமும் லிஃப்ட்ல கேக்கறேன். அவருக்கு மூச்சே வராது."

என் மனைவி போனை என் கையிலிருந்து மெல்ல வாங்கினாள். கம்ப்யூட்டரில் ஒரு விரலால் தட்டினாள்.

"ஓகே" என்றேன் நான். சந்தேகத்தில் வாயைத் தொட்டுப் பார்த்தேன். மூடித்தான் இருந்தது.

"அப்பாடா, இப்பதான் மாமா பேசறாரு" என்றான் மச்சினன்.

சாயந்தரமே வண்டியில் டிரம்ஸோடு வந்து இறங்கிவிட்டான். வாசலில் என் குரல் அவனை வாய் நிறைய வரவேற்றது. நான் அவன் பெட்டியைத் தூக்கினேன்.