மாசிலாமணி டீ குடிக்கப் போயிருக்கிறார்

ஒரு காட்டில் ஓர் உடும்பு மரப் பராமரிப்புத் தொழில் செய்துவந்தது. எந்தக் காடு என்று கேட்க வேண்டாம். பெயரைச் சொன்னால் பக்கத்துக் காட்டுக்காரர்கள் அது தங்கள் உடும்பு என்று வழக்குப் போடுவார்கள்.

உடும்பின் பெயர் வல்லுகிரன். உகிர் என்றால் நகம். வலிமையான நகம் உடையவன் என்று பொருள். அந்தப் பொருள் தெரிந்த ஒரே பிராணி அதற்குப் பெயர் வைத்த தகப்பன் உடும்பு. அது காலமாகிவிட்டபடியால், காட்டில் எல்லோரும் "மரத்துக்காரரே" என்றுதான் கூப்பிட்டார்கள்.

காய்ந்த கிளைகளை எடுப்பது, மரத்தின் மேலேயே வேரூன்றி அதன் சாற்றைக் குடித்து வளரும் புல்லுருவியைக் களைவது, கூடுகளின் மேல் சாயும் கொப்புகளைக் குறைப்பது ஆகியவை அதன் வேலை. நன்றாகவே செய்தது. கிளையை அறுக்கும்போது முதலில் அடிப்பக்கம் கொஞ்சம் அறுத்துவிட்டுப் பிறகு மேலிருந்து அறுக்கும். அப்போதுதான் பட்டை கிழியாது. இடுப்பில் கயிறு, வாயில் ரம்பம், கூட ஒருவரும் கிடையாது.

தனியாக வேலை செய்ததற்குக் காரணம் உண்டு. முன்பு அது குரங்குகளின் நிறுவனத்தில் இருந்தது. ரம்பம் பாதிக் கிளையில் இருக்கும்போது கிளையை ஆட்டிப் பார்ப்பது அங்கே நகைச்சுவை. சாப்பாட்டுக்கு மணி அடிப்பார்கள். சாப்பாடு முடிந்ததற்கு மணி கிடையாது. நாள் முழுக்கப் பேச்சு. ஒருநாள் உடும்பு கயிற்றைச் சுருட்டிக்கொண்டு இறங்கியது, திரும்பிப் போகவில்லை. "பட்டினி கிடந்தாலும் கிடப்பேன், அந்தக் கூட்டத்துல இனி கால் வைக்க மாட்டேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. சொல்லிக்கொள்ள வேறு ஆள் இல்லை.

தனியாள் தொழிலில் ஒரு சங்கடம். பெரிய கிளை விழும் முன் கீழே யாராவது நிற்கிறார்களா என்று பார்க்க வேண்டும். மற்ற இடங்களில் கீழே ஓர் ஆள் இருப்பான். மேலே இருப்பவன் "கீழ யாரு?" என்பான். கீழே இருப்பவன் சுற்றிப் பார்த்து "யாருமில்லண்ணே, வெட்டுங்க" என்பான். உடும்பு என்ன செய்யும்? "கீழ யாரு?" என்று கேட்டுவிட்டு, இறங்கி வந்து, நாலு பக்கமும் பார்த்து, அண்ணாந்து "யாருமில்லண்ணே, வெட்டுங்க" என்று சொல்லிவிட்டு, மறுபடியும் ஏறி வெட்டும். பதில் சொல்லும்போது குரலைக் கொஞ்சம் பணிவாக்கிக்கொள்ளும். உடும்பின் நாக்கு நுனியில் இரண்டாகப் பிளந்திருக்கும். ஒரு நுனி கேட்டது, மறு நுனி பதில் சொன்னது என்று வைத்துக்கொள்ளலாம். விலங்கியல் படித்தவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அவர்களுக்கு வேறு நூல்கள் இருக்கின்றன.

இப்படி இருக்கும்போது ஒரு விபத்து நடந்தது. குரங்குகள் வெட்டிய கிளை, கீழே படுத்திருந்த கரடியின் முதுகில் விழுந்தது. குரங்குகள் அத்தனையும் மரத்தின் மேலே இருந்தன. ஒன்றுகூடக் கீழே இல்லை. சிங்கராஜா குழு அமைத்தது. குழு நெடுநாள் யோசித்து, இனி யாரும் தனியாக மரம் வெட்டக் கூடாது, குறைந்தது இருவர் வேண்டும் என்று விதி போட்டது. குரங்குகள் கூட்டமாக இருந்தபடியால் விதி அவற்றைத் தொடவில்லை. காடு முழுக்கத் தேடினாலும் அது தொடக்கூடிய ஆள் ஒன்றே ஒன்றுதான்.

விதியை நடைமுறைப்படுத்தும் பொறுப்பு நாரைக்குக் கொடுக்கப்பட்டது. பாதுகாப்பு அலுவலர் பதவி. ஒற்றைக் காலில் அசையாமல் நிற்கத் தெரிந்திருப்பதே அதற்குத் தகுதி. ஒரு நாள் காலையில் நாரை, உடும்பு வேலை செய்த மரத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு புதருக்குப் பின்னால் வந்து நின்றது. தனியாக வேலை செய்வதைக் கையும் களவுமாகப் பிடித்துத் தொழில் தகட்டைப் பறிப்பது திட்டம். தகடு என்பது கழுத்தில் தொங்கும் தகரத் துண்டு. அது போனால் தொழில் போயிற்று. தொழில் போனால் குரங்குகளிடம்தான் போக வேண்டும்.

புதருக்குப் பின்னாலிருந்த நாரையின் காதில் ஒரு குரல் "கீழ யாரு?" என்றது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு குரல் "யாருமில்லண்ணே, வெட்டுங்க" என்றது. நாரை ஏமாற்றத்துடன் வெளியே வந்தது.

"ஆள் வெச்சிருக்கியா?"

உடும்பு ஒரு கணம் யோசித்தது. "வெச்சிருக்கேன் சார்."

"பேரு?"

"மாசிலாமணி."

"எங்க, காணோம்?"

"டீ குடிக்கப் போயிருக்காரு சார்."

நாரைக்குச் சந்தேகம் தீர்ந்தது. வேலை நேரத்தில் இடத்தில் இருந்திருந்தால்தான் அது நம்பியிருக்காது. அன்றே இருவர் பெயரும் பொறித்த புதுத் தகடு ஒன்று கொடுக்கப்பட்டது.

தகட்டில் பெயர் ஏறிய பிறகு மாசிலாமணி வளர ஆரம்பித்தார்.

புங்கமரத்தடியில் குடியிருந்த மயிலம்மாள், கைப்பேசியில் சிக்னல் வரவில்லை, மரத்தின் தலையை வெட்டிவிடு என்று ஆள் அனுப்பினாள். உடும்பு போய்ப் பார்த்தது. தலையை வெட்டினால் மரம் பட்டுவிடும் என்றது. மயிலம்மாள் விடவில்லை. "உங்க தலைய வெட்டிப் பாருங்க, புரியும்" என்று சொல்லிவிட்டு உடும்பு மரத்தில் ஏறிக்கொண்டது. அதன் பேச்சு எப்போதும் அவ்வளவுதான்.

உடும்புகளுக்கு இயல்பாக ஒரு பழக்கம் உண்டு. யாராவது உற்றுப் பார்த்தால் மரத்தைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய்விடும். மயிலம்மாள் முறைத்தாள். உடும்பு மறுபக்கம் போயிற்று. அங்கிருந்து மற்றக் குரல் வந்தது.

"அம்மா, நீங்க சொல்றது நியாயந்தாம்மா. சிக்னல் இல்லாம ஒருத்தர் எப்படிக் காலம் தள்றது? அண்ணன்கிட்ட நான் சொல்லிப் பாக்குறேன். கிழக்கால போற கொப்ப மட்டும் எடுத்துப் பாப்பமா?"

கிழக்குக் கொப்பை எடுத்தார்கள். சிக்னல் வரவில்லை. ஆனால் மயிலம்மாள் மனம் நிறைந்துவிட்டது. அடுத்த நாள் மாசிலாமணிக்கென்று ஒரு கிண்ணம் தேன் வந்தது. உடும்புக்குத் தனியாக ஒன்றும் வரவில்லை.

அதிலிருந்து வேலை கொடுக்கிறவர்கள் மரத்தின் முன்பக்கம் வருவதையே விட்டுவிட்டார்கள். நேரே பின்பக்கம் பார்த்துக் கூப்பிட்டார்கள். "மாசிலாமணி சார், இருக்கீங்களா?" பிள்ளைகள் படிப்பு, மருமகள் குணம், வயிற்றுப் பொருமல், எல்லாம் அவரிடம்தான். கூடவே உடும்பைப் பற்றிய புகாரும். இப்படியொரு சிடுமூஞ்சியிடம் எப்படித்தான் காலம் தள்ளுகிறீர்கள் என்று மயிலம்மாள் ஒரு முறை கேட்டாள். ஆரம்பத்தில் மாசிலாமணி உடும்பை விட்டுக்கொடுக்காமல்தான் பேசினார். ஆனால் மரியாதை தெரிந்தவர், வாடிக்கையாளர் சொல்வதை எத்தனை நாள்தான் மறுப்பார்?

"என்னம்மா செய்யறது. கைத்தொழில் சுத்தம், வாய்தான் சரியில்ல" என்றார்.

உடும்பு அன்று சாப்பிடவில்லை. பின்னால் நின்று இப்படிப் பேசுவார் என்று அது எதிர்பார்க்கவில்லை.

இருந்தாலும் அவரால் பயனும் இருந்தது. காட்டின் நடுவில் சிங்கராஜாவின் சபை கூடும் இடத்தில் ஒரு பழைய இலுப்பை மரம் நின்றது. ராஜாவின் மரம். அதன் பராமரிப்பைத் தன் கையால் செய்ய வேண்டும் என்பது உடும்பின் நெடுநாள் ஆசை. அதன் உச்சியில் புல்லுருவி பிடிக்கத் தொடங்கியிருந்ததைப் பார்த்து அது தூக்கம் கெட்டிருக்கிறது. குரங்குகளும் அந்த வேலைக்கு முட்டி மோதின. கடைசியில் வேலை உடும்புக்கே கிடைத்தது; "அந்த மாசிலாமணி இருக்கிறார், பயமில்லை" என்று ராஜாவே சொன்னதாகப் பேச்சு.

இலுப்பையில் முதலில் ஒரு பெரிய காய்ந்த கிளையை எடுக்க வேண்டியிருந்தது. உடும்பு ஏறிக் கயிற்றைக் கட்டி, ரம்பத்தை வைத்து, முக்கால்வாசி அறுத்துவிட்டுக் கேட்டது: "கீழ யாரு?"

முன்பெல்லாம் இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்லும். மாசிலாமணி வந்த பிறகு அந்தப் பழக்கம் மெல்ல மெல்லப் போய்விட்டது. கீழே நம்பகமான ஆள் இருக்கும்போது இன்னொரு தரம் இறங்கி ஏறுவானேன்? இதை மடத்தனம் என்று நினைக்க வேண்டாம். தினமும் ஒரே குரல் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தால் யாருக்குமே அந்தப் பழக்கம் போய்விடும்.

"யாருமில்லண்ணே, வெட்டுங்க" என்றார் மாசிலாமணி.

கீழே நாரை நின்றுகொண்டிருந்தது. பாதுகாப்பைச் சோதிக்க வந்து, நிழல் நன்றாக இருந்ததால் கண்ணை மூடிக்கொண்டு நின்றது. கிளை விழுந்தது. தூக்கி வைத்திருந்த கால் தப்பியது. ஊன்றியிருந்த கால் மாட்டிக்கொண்டது. முறிவு இல்லை, வீக்கம்தான். அன்றிலிருந்து அது மற்றக் காலில் நிற்கிறது.

மறுநாள் விசாரணை. சபை நிறைந்திருந்தது. ஆள் அனுப்பிக் கூப்பிட்டும் மாசிலாமணி வரவில்லை. அவர் அதிர்ச்சியில் இருப்பார், தொந்தரவு செய்ய வேண்டாம் என்று சிங்கராஜா பெருந்தன்மையாகச் சொன்னது. நாரை சாட்சி சொன்னது. மாசிலாமணி சார் யாருமில்லை என்று சொன்னதைத் தானே காதால் கேட்டதாகவும், தான் கண்ணை மூடிச் சத்தமில்லாமல் நின்றதால் அவர் கவனிக்காததில் ஆச்சரியமில்லை என்றும், உயரத்தில் இருந்தவனுக்குத்தான் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்றும் அது சொன்னது. சபை தலையாட்டியது.

உடும்புக்கு அப்போது நீதிக்கதைகள் நினைவுக்கு வந்தன. அவற்றில் உண்மையைச் சொன்னவர்கள் எல்லோரும் பிழைத்துக்கொள்கிறார்கள். அது முன்னால் வந்து நின்றது.

"ராஜா, மாசிலாமணின்னு ஒருத்தர் கிடையாது. அது நான்தான். தனியா வேலை செய்யணும்னு ஆசப்பட்டுப் பொய் சொல்லிட்டேன்."

மயிலம்மாள் எழுந்தாள்.

"அப்ப நான் அனுப்புன தேன யாரு சாப்பிட்டது?"

"நான்தாம்மா."

"கேட்டுக்குங்க" என்றாள் மயிலம்மாள் சபையைப் பார்த்து. "அந்த மனுசனுக்குக் குடுத்ததக்கூடப் புடுங்கித் தின்னுருக்கு."

கரடி முதுகைத் தடவிக்கொண்டே, கூட உழைத்தவனை இல்லவே இல்லை என்று சொல்ல எப்படி மனம் வருகிறதோ என்று வருத்தப்பட்டது. உடும்புக்கு வேறு வழி தெரியவில்லை. சபையின் நடுவிலேயே "கீழ யாரு?" என்று ஒரு குரலில் கேட்டு, "யாருமில்லண்ணே" என்று மற்றக் குரலில் சொல்லிக் காட்டியது.

"இதுல மிமிக்ரி வேற" என்று ஒரு குரங்கு சொன்னது. நாரை முகத்தைத் திருப்பிக்கொண்டது. சில பெண் பிராணிகள் கண்ணைத் துடைத்துக்கொண்டன.

சிங்கராஜா தீர்ப்பு சொன்னது. உடும்பின் தகடு பறிக்கப்படுகிறது. இலுப்பை மரம் மாசிலாமணி பொறுப்பில் விடப்படுகிறது. இத்தனை நல்லவருக்கு இன்னொரு ஆள் துணை தேவையில்லை. ஆகவே அவர் மட்டும் விதிவிலக்காகத் தனியாக வேலை செய்யலாம். தகட்டில் உடும்பின் பெயரை அடித்துவிட்டு, இலுப்பையின் தாழ்ந்த கிளையில் மாட்டினார்கள். டீ குடித்துவிட்டு வந்ததும் எடுத்துக்கொள்வார்.

தகட்டை உடும்பே எடுத்து மாட்டிக்கொண்டிருக்கலாமே என்று வாசகர் கேட்கலாம். உடும்புக்கும் அது தோன்றியது. சபை கலைந்து எல்லோரும் போன பிறகு அது இலுப்பையடிக்கு வந்து, மரத்தின் முன்பக்கம் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டது. யாரிடமும் வேலை கேட்டுப் பழக்கமில்லை.

"மாசிலாமணி, என்னைச் சேத்துக்கயேன். பேரு உன்னோடதாவே இருக்கட்டும். மேல ஏறுற வேலை மட்டும் குடு, போதும்."

சொல்லிவிட்டு, பழக்க தோஷத்தில் மரத்தைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போயிற்று.

"அண்ணே, தொழில் உங்ககிட்டதான் கத்துக்கிட்டேன். சாகுறவரைக்கும் மறக்க மாட்டேன்" என்றது பணிவான குரல். "ஆனா வெளிய உங்களப் பத்திப் பேச்சு அவ்வளவு நல்லா இல்ல. ராஜா மரம் பாருங்க, நாலு பேரு வந்துபோற இடம். நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது. இடம் காலியானா நானே சொல்லி அனுப்புறேன்."

உடும்பு முன்பக்கம் திரும்பி வந்தது. மறுத்த விதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதைவிட மரியாதையாக யாராலும் மறுத்திருக்க முடியாது. "சரி, இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு குரங்குகளின் நிறுவனத்தை நோக்கி நடந்தது. அது போய்ச் சேர்ந்தபோது சாப்பாட்டு மணி அடித்துக்கொண்டிருந்தது.

மாசிலாமணியின் பராமரிப்பில் இலுப்பை மரத்தைப் பற்றி ஒரு புகாரும் எழவில்லை. ரம்பச் சத்தம் கிடையாது, கிளை விழுவது கிடையாது, யார் காலும் வீங்கவில்லை. அடுத்த பருவத்தில் உச்சி முழுவதும் கொத்துக் கொத்தாகச் சிவந்த பூ. இலுப்பைப் பூ வெளிறிய நிறம், சிவப்பாகப் பூத்திருப்பது மரத்தைக் குடித்துக்கொண்டிருக்கும் புல்லுருவி என்பதை, எதிர் மரத்தில் தொங்கியபடி ஒரே ஒரு பிராணி கவனித்தது. சொல்ல வாயெடுத்த நேரத்தில் குரங்குகள் கிளையை ஆட்டின.

மயிலம்மாள் பூவைப் படமெடுத்தாள். சிங்கராஜா அந்த ஆண்டின் சிறந்த தொழிலாளர் விருதை மாசிலாமணிக்கு அறிவித்தது. விழாவுக்கும் அவர் வரவில்லை. விளம்பரம் பிடிக்காதவர் என்று பேசிக்கொண்டார்கள்.

நீதி: தனியாளாகத் தொழில் செய்பவர், தன்னைவிட மரியாதையாகப் பேசும் கூட்டாளியை ஒருபோதும் சேர்த்துக்கொள்ளக் கூடாது.