மாப்பிள்ளை தங்கத்தக்க அறை

மிகுந்த மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் எழுதிக்கொள்வது. தங்கள் மாமியாரின் வலது முழங்கால் நீங்கலாக இங்கே எல்லாம் நலம். தங்கள் நலத்தை விசாரிக்க வேண்டியதில்லை. தாங்கள் எப்போதும் நலமாகவே இருப்பீர்கள்.

சென்ற முறை வந்தபோது எங்கள் வெள்ளைச் சுவரையும் வெளிர் மரக் கட்டிலையும் பார்த்து, "ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருக்கு, இதுல மனுஷன் படுப்பானா?" என்று கேட்டுவிட்டு, பெட்டியைக்கூடத் திறக்காமல் மகளையும் கூட்டிக்கொண்டு லாட்ஜுக்குப் போய்விட்டீர்கள். அவளுக்காக உறை மாற்றிய தலையணையைத் தங்கள் மாமியார் இரண்டு நாள் எடுக்கவே இல்லை. கல்யாணமான இந்த நான்கு வருடத்தில் நாங்கள் பெற்ற பெண் எங்கள் வீட்டில் ஒரு ராத்திரிகூடத் தூங்கியதில்லை. குறையாகச் சொல்லவில்லை, கணக்காகவும் சொல்லவில்லை. அந்த ஒரு ராத்திரிக்காகத்தான் தாங்கள் போனில் அனுப்பிய படத்தை வைத்துக்கொண்டு, வீட்டில் இருக்கும் ஒரே படுக்கையறையைக் காலி செய்தேன்.

படத்தில் சுவர் கருநீலம், கட்டிலும் அலமாரியும் கறுப்பு. கருநீலம் என்று இப்போது சொல்கிறேன். எனக்கு இடது கண்ணில் மட்டும்தான் புரை எடுத்திருக்கிறது. தங்களுக்கு இருக்கும் வேலையில் அதையெல்லாம் எங்கே விசாரித்திருப்பீர்கள்! அந்தக் கண்ணுக்கு நீலமாக இருப்பது வலது கண்ணுக்குப் பச்சையாக இருக்கிறது. என் கெட்ட நேரம், வலது கண்ணால் பார்த்துவிட்டு, பெயிண்டரிடம் கரும்பச்சை என்று சொல்லித் தொலைத்தேன். அவரும் நாலு சுவரையும் அடித்து முடித்தார். தங்கள் மாமியார் போனை வாங்கிப் பார்த்து, "ஏங்க, படத்துல இருக்கிறது நீலம்!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். பெயிண்டர் பிரஷைக் கீழே வைத்து, "சார், இனிமே எந்தக் கண்ணால பாத்தீங்கன்னு சொல்லிட்டுக் கலரைச் சொல்லுங்க" என்றார். பச்சை மறைய மூன்று கோட்டு நீலம் அடிக்க வேண்டியிருந்தது. தச்சர் கட்டிலுக்குக் கறுப்பு பாலிஷ் போட்ட அன்றுதான் மழை பிடித்துக்கொண்டது. பதினோரு நாள் காயவில்லை. காய்ந்ததா என்று நான் உட்கார்ந்து பார்த்த வேட்டி இப்போது கரித்துணி. காய்ந்த பிறகோ, சுவர் எங்கே முடிகிறது, கட்டில் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாமல் தங்கள் மாமியார் முழங்காலை இடித்துக்கொண்டாள். விளக்கைப் போட்டுக்கொண்டு போகக் கூடாதா என்பீர்கள். போட்டுக்கொண்டுதான் இடித்தாள்.

நாங்கள் இருவரும் பதினெட்டு நாளாகச் சமையலறையில் அடுப்பு மேடைக்குக் கீழே படுக்கிறோம். தங்கள் வீட்டுக்கு வந்தபோது சோபாவுக்கும் செருப்பு ஸ்டாண்டுக்கும் நடுவில் படுத்துப் பழகியிருப்பதால் சிரமம் ஒன்றும் இல்லை.

நேற்று மகளிடம் போனில், "ஜன்னலுக்கு என்ன கலர் திரை போடட்டும்மா?" என்று கேட்டேன். "அவரையே கேட்டுடுங்கப்பா. நான் ஏதாவது சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க" என்று மெதுவாகச் சொல்லி வைத்துவிட்டாள். ஆகையால் தங்களையே கேட்கிறேன்: என்ன கலர்?

அறை தயார். தயவுசெய்து மகளுடன் வந்து ஒரே ஒரு ராத்திரி தங்குங்கள். தங்கள் மாமியாருக்குக் கால் வலிக்கிறது, எனக்குக் கண் சரியில்லை, வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன். நீண்ட ஆயுளோடும் குறையாத ரசனையோடும் தாங்கள் வாழ இருவரும் ஆசீர்வதிக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது வாசலில் கார் வந்து நின்றது. மகள் இரண்டு பெட்டிகளோடு இறங்கினாள். அடுத்து நீங்கள் இறங்குவீர்கள் என்று கையைக் கூப்பிக்கொண்டு நின்றேன். கார் போன பிறகும் அப்படியே நின்றேன். "அவர் வரலைப்பா. நானும் இனிமே அங்க போகலை" என்றாள். காரணத்தை அம்மாவிடம் சொன்னாள். அம்மா என்னிடம் சொன்னாள். நான்கு வருடமாக அவளுக்கு என்ன நடந்தது என்று கேட்காமல் உனக்கு என்ன கலர் பிடிக்கும் என்று உன்னிடம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். மேலே இருக்கும் மரியாதையை எல்லாம் அடித்துவிட்டுப் படி. நீ வர வேண்டாம். அறையில் என் பெண் தூங்குகிறாள்.