சாவு வீட்டில் வேதாசலம் திருந்திய கதை

சாவு வீட்டில் சிரித்தவர்கள் உண்டு. சொத்துக்குச் சண்டை போட்டவர்கள் உண்டு. மூலையில் உட்கார்ந்து குறட்டை விட்டவர்களும் உண்டு. ஆனால் நல்ல சேதி என்று கூவிக்கொண்டு சாவு வீட்டுக்குள் ஓடியவன், எனக்குத் தெரிந்த வரையில், நான் ஒருவன்தான். அதுவும் யார் வீட்டில்? எனக்குப் பெண் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு சொல்லாமலே கண்ணை மூடிய மனிதரின் வீட்டில்.

அவர் பெயர் சின்னப்பன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். ராயபுரத்தில் எங்கள் மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த சந்தில் அவர் வீடு. மனைவி போய்ச் சேர்ந்து வெகுநாளாகியிருந்தது. வீட்டில் அவர் தங்கை அருளாயியும் ஒரே மகள் பிலோமினாவும். ஜெர்மன்காரனோடு சண்டை நடந்துகொண்டிருந்த அந்த வருஷங்களில், அவருக்கு உலகத்தில் இருந்த ஒரே ஆசை ஒரு மாதப் பத்திரிகையில் வந்த தொடர்கதை. அவருக்கு எழுத்து தெரியாது. படித்துக் காட்ட நான் இருந்தேன். (கொருக்குப்பேட்டை ரயில்வே கூட்ஸ் யார்டில் வண்டி நம்பர்களை எழுதுகிற வேலை எனக்கு. அந்தச் சந்தில் அதுவே பெரிய படிப்பு.)

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, கஞ்சி குடித்த பிறகு கூடுவோம். அவர் வீட்டு வாசலில் துறைமுகத்திலிருந்து வந்த பெரிய மரப்பெட்டிகள் கிடக்கும். அவைதான் எங்கள் ஆசனம். மூன்றாவது ஆள் என் தோஸ்து முனுசாமி. யார்டில் சிக்னல் விளக்கு ஏற்றுபவன். நான்காவது ஆள் கதவுக்குப் பின்னால் நிற்கும் பிலோமினா. அவள் கன்னியாஸ்திரிகள் பள்ளிக்கூடத்தில் படித்தவள். ஆனால் கதைப் புஸ்தகம் படித்தால் பெண் கெட்டுவிடும் என்பது சின்னப்பனின் கொள்கை. காதால் கேட்டால் கெடாதாம். நாங்கள் எழுந்து போனதும் அவள் பத்திரிகையை எடுத்து முதல் வரியிலிருந்து படித்துவிடுவாள் என்பது அவருக்கு மட்டும் தெரியாது.

கதையில் வேதாசலம் என்று ஒரு காரியஸ்தன் வருவான். பொய்க் கையெழுத்துப் போட்டு, விதவைத் தங்கையின் வீட்டைப் பிடுங்கிக்கொண்டு, அவளையும் பிள்ளையையும் தெருவில் விட்டவன். அவனைத் திட்டுவதற்காகவே நாங்கள் கூடினோம் என்றுகூடச் சொல்லலாம். அப்படிப்பட்டவன் ஒரு மாதம், கோயில் வாசலில் பிச்சைக்கு நின்ற தங்கை மகனைப் பார்த்துக் கண்ணீர் விட்டான்.

நான் படிப்பதை நிறுத்திவிட்டு, "அண்ணே, பாத்தீங்களா, திருந்த ஆரம்பிச்சிட்டான்" என்றேன்.

"இன்னாத்த திருந்தறான்? கண்ணுல மண்ணு வுழுந்திருக்கும்" என்றார் சின்னப்பன்.

"இல்லைண்ணே. மூணாம் மாசமே நாய்க்குத் தண்ணி வச்சான். அப்புறம் வண்டிக்காரன் லேட்டா வந்தப்ப கைய ஓங்கிட்டு அடிக்காம வுட்டான். கொஞ்சங் கொஞ்சமா மாறிக்கினுதான் வர்றான். நாமதான் கவனிக்கலை."

"நாய் கடிக்கக் கூடாதுன்னு தண்ணி வச்சான். வண்டிக்காரன் திருப்பி அடிப்பான்னு வுட்டான். நான் இரும்புச் சங்கிலியோட பொழைக்கறவன்டா. ஒரு தபா முறுக்கிக்கின சங்கிலிய எவ்ளோ தட்டி நிமித்தினாலும், பாரம் ஏத்தும்போது அந்த எடம் காட்டிக்குடுத்துரும். மனுசன் அப்பிடித்தான்."

முனுசாமிக்கு வேறு சித்தாந்தம். "ரெண்டும் இல்ல நைனா. எழுதறவனுக்குப் புள்ள பொறந்திருக்கும். மனசு எளகிப்பூட்டான். அதான் இவனும் அழுவறான்."

ஒரு கற்பனைக் காரியஸ்தனுக்காக நான் ஏன் அப்படித் தொண்டை வறள வாதாடினேன்? அதற்குக் காரணம் இருந்தது. பதினாறு வயதில், கோயில் திருவிழாவன்று, நானும் சில உத்தமர்களும் சேர்ந்து கள் குடித்தோம். தலை சுற்றவே, படுக்க இடம் தேடி, அந்தோணியார் சுரூபத்துக்கு ஜோடித்து வைத்திருந்த சப்பரத்தில், சுரூபத்தின் காலடியில் தொங்கிய பட்டுத் துணிக்குள் புகுந்து படுத்துவிட்டேன். சாயங்காலம் சப்பரத்தைத் தூக்கிவிட்டார்கள். தோள் கொடுத்தவர்களில் ஒருவர் சின்னப்பன். "இன்னிக்கு இன்னா, அந்தோணியாரு இம்மா கனமா கீறாரு?" என்று அவர் கேட்டாராம். ரயில் கேட்டைத் தாண்டும்போது சப்பரம் குலுங்க, நான் துணியோடு உருண்டு பங்குச் சாமியாரின் காலடியில் விழுந்தேன். அவர் குனிந்து பார்த்து, "சவரிமுத்து, நீயா?" என்றார்.

அதன் பிறகு ஒரு சொட்டு தொட்டதில்லை. வேலைக்குப் போனேன், தங்கையைக் கட்டிக்கொடுத்தேன், பூசை தவறியதில்லை. ஆனாலும் ராயபுரத்துக்கு நான் சப்பரத்திலிருந்து விழுந்தவன்தான். ஆகவே வேதாசலம் திருந்துவது எனக்கு மிகவும் அவசியமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வழக்கமாக "அண்ணே" என்று கூப்பிடுகிற நான், தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "மாமா" என்றேன். சின்னப்பன் பீடியை வாயிலிருந்து எடுத்தார். கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் நின்றது. அந்த ஒரு வார்த்தையில் எல்லாருக்கும் எல்லாம் புரிந்துவிட்டது.

"ஓ. அதுக்குத்தான் அந்தப் பயலுக்கு வக்காலத்து வாங்கினியா?" என்றார். பீடியைக் கீழே போட்டு மிதித்தார். பிறகு, "சரி. அந்த வேதாசலம் தங்கச்சி வூட்டத் திருப்பிக் குடுக்கட்டும். அன்னிக்கு நானும் ஒத்துக்கறேன், மனுசன் திருந்துவான்னு. பிலோமினாவ உனுக்குக் கட்டித் தர்றேன். மாதா மேல ஆணை" என்றார்.

என் கல்யாணம் இப்படியாக ஒரு முகம் தெரியாத எழுத்தாளரின் பேனாவில் தொங்கியது. நான் வேதாசலத்துக்காக மாதாவிடம் மெழுகுவர்த்தி ஏற்றினேன். (அவன் சைவன். இருந்தாலும் பரவாயில்லை.) "படிக்கறவன் நீதானே, ரெண்டு வரி சேத்துப் படிச்சா முடிஞ்சுது" என்றான் முனுசாமி. செய்திருப்பேன். ஆனால் படிக்கத் தெரிந்த ஒருத்தி கதவுக்குப் பின்னால் இருக்கும்போது எப்படிச் சேர்ப்பது? பொய் சொல்லி அவளை அடைய எனக்கு மனம் வரவில்லை. அந்த மட்டிலாவது நான் யோக்கியன்.

அடுத்த மாதம் பத்திரிகை வரவில்லை. சண்டையால் காகிதம் கிடைக்கவில்லை என்றார்கள். பத்திரிகைக்குப் பதில் விஷக்காய்ச்சல் வந்தது. அந்தக் காய்ச்சலைப் பற்றி வேடிக்கையாக எழுத எனக்குத் தெரியாது. காலையில் இருமியவர்கள் மறுநாள் இல்லை. கோயில் மணி ஓயாமல் அடித்தது. பிறகு மணி அடிப்பவனும் செத்து, மணி நின்றது. முனுசாமி தன் அம்மாவைக் கொண்டுபோய் எரித்துவிட்டு நேரே வேலைக்கு வந்து விளக்கு ஏற்றினான். சடையங்குப்பத்தில் கட்டிக்கொடுத்த என் தங்கை தன் கைக்குழந்தையைப் பறிகொடுத்தாள்.

கிரேன் ஏறப் போன சின்னப்பன் பாதி ஏணியில் இறங்கி வந்து படுத்தார். நான் பார்க்கப் போனபோது நெஞ்சு விசில் மாதிரிக் கூவியது.

"புக்கு வந்துச்சா?" என்றார்.

"இல்லை மாமா."

"அந்தப் பய இன்னா பண்ணான்னு தெரியாமப் பூடுவேன் போலகீதே." பிலோமினா பக்கம் திரும்பினார். "புக்கு வந்தா பாரு. நான் குடுத்த வாக்கு வாக்குதான். ஆனா அவன் திருந்த மாட்டான், பாத்துக்கினே இரு."

அன்றைக்கே போய்விட்டார். சவப்பெட்டி செய்யப் பலகை கிடைக்கவில்லை. தச்சன் வாசலில் கிடந்த மரப்பெட்டிகளைப் பார்த்தான். நாங்கள் உட்கார்ந்து கதை படித்த பெட்டிகளைப் பிரித்தே அவருக்குப் பெட்டி அடித்தோம். கறுப்பு மையில் எழுதிய கப்பல் எழுத்துகள் அப்படியே இருந்தன.

உள்ளே பெண்கள் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். சாமியாருக்காகக் காத்திருந்தோம். அப்போது சந்துக்குள் தபால்காரர் வந்தார். செத்தவர் பெயரைக் கூப்பிட்டுவிட்டு, கூட்டத்தைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு, பத்திரிகையை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

நல்ல மனிதன் என்ன செய்வான்? மடித்துச் சட்டைக்குள் வைப்பான். நான் வீட்டுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஓடினேன். முனுசாமியும் பின்னாலேயே வந்தான். அந்தப் பத்திரிகை ஓரம் வெட்டாமல் வரும். கத்தியால் கீறினால்தான் பக்கம் பிரியும். விரலாலேயே கிழித்துக் கிழித்துப் படித்தேன். வேதாசலம் தங்கையின் குடிசைக்குப் போகிறான். காலில் விழுகிறான். வீட்டுப் பத்திரத்தை அவள் மடியில் வைக்கிறான்! கடைசி இரண்டு தாள் மட்டும் பிரியவில்லை. அதற்கு மேல் என்ன வேண்டும்?

எனக்கு அந்த நிமிஷம் சின்னப்பன் செத்துப்போனது நினைவில் இல்லை. சத்தியமாக இல்லை. அவரிடம் காட்ட வேண்டும் என்பதுதான் நினைவில் இருந்தது.

"மாமா! திருந்திட்டான்! வூட்டைக் குடுத்துட்டான்! திருந்திட்டான் மாமா!" என்று இரண்டு கையையும் தூக்கிக் கூவிக்கொண்டு வீட்டுக்குள் ஓடினேன். பெட்டியைப் பார்த்த பிறகுதான் நின்றேன். செபம் பாதியில் நின்றது. அந்தச் சமயம் பார்த்து வாசலில் தீர்த்தச் செம்போடு சாமியார் நுழைந்தார். அதே சாமியார். என்னை ஏற இறங்கப் பார்த்து, "சவரிமுத்து, நீயா?" என்றார்.

"எங்கண்ணன் பொணமா கெடக்கறாரு, இவன் கூத்தாடிக்கினு வர்றானே!" என்று அருளாயி மார்பில் அடித்துக்கொண்டாள். "அன்னிக்கு சப்பரத்துல உருண்டவன் இன்னிக்கு சாவு வூட்ல உருள்றான். இன்னாடா திருந்தின நீ?"

பிலோமினா எழுந்து வந்தாள். கண் வீங்கி முகமே மாறியிருந்தது. கையை நீட்டினாள். பத்திரிகையைக் கொடுத்தேன். கொண்டை ஊசியை எடுத்து, பிரியாத தாள்களைக் கீறினாள். நின்றபடியே படித்தாள்.

"கடைசிப் பக்கம் பாத்தீங்களா?" என்றாள்.

"இல்லை."

"எல்லாம் கனவாம். முழிச்சிக்கினானாம் வேதாசலம். வூட்டக் குடுக்கலியாம்." பெட்டியில் கிடந்த அப்பாவைப் பார்த்தாள். "அப்பாதான் ஜெயிச்சாரு."

பத்திரிகையை மூடி, செபமாலை சுற்றியிருந்த அப்பாவின் கைக்குக் கீழே வைத்தாள். முனுசாமி சிரிக்க ஆரம்பித்து, அது அழுகையாகி, வெளியே ஓடினான். தச்சன் மூடியை வைத்து ஆணி அடித்தான்.

கல்லறை வரையில் நானும் தோள் கொடுத்தேன். சரியாக இழைக்காத பலகை கழுத்தை அறுத்தது. சின்னப்பன் மிகவும் கனமாக இருந்தார். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதன் பிறகு அந்தப் பத்திரிகை வரவே இல்லை. நானும் முனுசாமியும் பட்டணத்துக்குப் போய் அச்சாபீசைத் தேடிப் பிடித்தோம். கதவில் பூட்டு. எழுதியவர் இருக்கிறாரா செத்தாரா என்று பக்கத்துக் கடைக்காரருக்குத் தெரியவில்லை. வேதாசலம் விழித்துக்கொண்டவன் விழித்துக்கொண்டபடியே நின்றுவிட்டான். என் நிலைமையும் அதுதான். சந்துப் பக்கம் தலைகாட்டவே கூசியது.

துக்க வருஷம் முடிந்ததும் பிலோமினாவே முனுசாமியிடம் சொல்லி அனுப்பினாள். போனேன். "கதை நின்னுபூட்ச்சு. அதுக்காவ நானும் நிக்க முடியுமா?" என்றாள். "இது என் முடிவு. நீங்க குடிச்சா என்னையே திட்டிக்கறேன். எங்கப்பாவத் திட்ட மாட்டேன்." அருளாயி அத்தை ஒரு மாதம் பேசாமல் இருந்து, பிறகு அவளே தாலிக்கு நூல் கோத்தாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நான் எந்த நல்ல சேதியைச் சொன்னாலும் பிலோமினா கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "கடைசிப் பக்கம் பாத்தீங்களா?" யார்டில் மேல் உத்தியோகம் என்று ஓடிவந்தேன், கேட்டாள். (அது கிடைக்கவில்லை.) முதல் பெண் பிறந்தபோது தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு ஓடிவந்தேன். படுத்தபடி சிரித்துக்கொண்டே கேட்டாள். அந்தக் குழந்தை எங்களுக்குத் தங்கவில்லை. அதன் பிறகு வெகுகாலம் அவள் அதைச் சொல்லவில்லை. பெரியவன் பிறந்து, நடந்து, முதல் பல் விழுந்த பிறகு ஒருநாள் மறுபடி சொன்னாள். நான் கொல்லைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

போன வருஷம் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைக் கையைக் காலை ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர்கள் சிரித்து ஓய்ந்து விளையாடப் போனார்கள். பிலோமினா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"கடைசிப் பக்கத்துல கதையே இல்ல" என்றாள் தலையைத் தூக்காமல். "தலவலித் தைல வெளம்பரம்."

எனக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. "இன்னாமே சொல்றே? அப்ப வேதாசலம்?"

"திருந்திட்டான். நீங்க கூவினீங்களே, அதான் நெசம்."

"பின்னே ஏன்?"

"நீங்க உசுரோட கீறீங்க. தோத்தாலும் அப்பாலிக்கா ஜெயிச்சிக்கலாம். அவரு வந்து பதில் சொல்ல முடியுமா? பெட்டில படுத்துக்கினு கீறவரு எதுக்கு தோக்கணும்னு சொன்னேன்." மீனைத் திருப்பிப் போட்டாள். "எப்பிடியும் உங்களத்தான் கட்டிக்கறதா இருந்தேன்."

பிள்ளைகளிடம் நாங்கள் சொல்லவில்லை. நேற்று பெரியவன் பாசாகிவிட்டேன் என்று சந்து முனையிலிருந்தே கத்திக்கொண்டு வந்தான். "கடைசிப் பக்கம் பாத்தியாடா?" என்று வீடே கூவியது. எல்லாரையும்விட உரக்கக் கூவியது நான்தான். பிலோமினா என்னைப் பார்க்காமல் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள்.