பிடிமாடு

கடைக்குள் நுழைந்த வேகத்தில் கோபிநாத் மிட்டாய் அடுக்குக்கு முன்னால் மல்லாந்து படுத்துவிட்டான். இன்னும் அழ ஆரம்பிக்கவில்லை. வாயை மட்டும் திறந்து தயாராக வைத்திருந்தான்.

அவனுடைய அப்பா அடைக்கலம் தள்ளுவண்டியை அப்படியே நிறுத்தினார். சவூதியிலிருந்து லீவில் வந்திருந்தார். ஐந்து வருஷமாகப் பார்க்கக் கொடுத்து வைக்காத ஜல்லிக்கட்டு அன்றைக்குப் பக்கத்து ஊரில். பங்காளி கொடுத்த ஒற்றை கேலரி பாஸ் மனைவி சிவரஞ்சனியின் கையில் சிக்கியிருந்தது. காலையிலேயே அவள் சொல்லிவிட்டாள்.

"மாசா மாசம் இந்த ரெண்டையும் இழுத்துக்கிட்டு நான்தான விராலிமலைக்குப் போயி மளிகை வாங்கியாறேன்? இன்னைக்கு நீங்க போங்க. ஒரு புள்ளையும் அழுகாம எல்லாச் சாமானோடயும் வந்து சேருங்க. வந்து பாஸ வாங்கிக்கங்க."

"இதென்னடி பெரிய வேலை? எங் கூலிங்கிளாஸ எங்க காணோம்?"

"வந்து தேடிக்கலாம், கெளம்புங்க."

இப்போது கோபிநாத்தின் வாய் இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்தது. அடைக்கலம் துவரம்பருப்புப் பொட்டலம் ஒன்றை எடுத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, ஜல்லிக்கட்டில் மைக் பிடிப்பவர் மாதிரி முழங்கினார்.

"வருது பாரு, வருது பாரு! ஆவுடையார்கோவில் துவரம்பருப்பு மாடு! தொட்டுப் பாரு! புடிச்சா அண்டா!"

பொட்டலத்தைத் தரையில் சறுக்கிவிட்டார். பையன் வாயை மூடிக்கொண்டு பாய்ந்தான். மூத்தவள் இலக்கியா குறுக்கே விழுந்து அமுக்கினாள்.

"மாடு பிடிமாடு!" என்று அறிவித்து, பொட்டலத்தைத் தள்ளுவண்டியில் போட்டார்.

உளுந்து மாடு பிடிபட்டது. சீனி மாடு இரண்டு ஆளைத் தள்ளிவிட்டு மாட்டியது. பிள்ளைகளோடு மளிகை வாங்குவது கஷ்டம் என்பவர்களுக்குக் குரல்வளம் போதாது என்ற முடிவுக்கு அடைக்கலம் வந்தார்.

அவருடைய குரல்வளமோ அளவுக்கு மிஞ்சியது. கடையிலிருந்த மற்ற பிள்ளைகளும் ஓடிவந்து வரிசையாகக் குனிந்து நின்றார்கள். கடைக்காரர் பீட்டர் பதறிக்கொண்டு வந்தார்.

"அண்ணே, உப்பு பாக்கெட்டு வெடிச்சுக் கெடக்குண்ணே!"

"கொம்பு குத்திருச்சு தம்பி. எங் கணக்குல போடுங்க."

"அது கெடக்கட்டும். அங்கிட்டு ஒரு பய அண்டா கேக்குறான்!"

வெல்லத்தைப் பிடித்த பையன் அண்டா இல்லாமல் நகர மாட்டேன் என்றான். அவனுடைய அம்மா பொன்னுத்தாய் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"ஏங்க, ஊரறியச் சொல்லிப்புட்டு இல்லைன்னா எப்படி? எம்மகன் திமிலைப் புடிச்சுத் தொங்கியிருக்கான்!"

வெல்லத்துக்கு ஏது திமில் என்று யாரும் கேட்கவில்லை. அடைக்கலம் பாத்திரப் பகுதியிலிருந்து ஓர் அண்டாவை எடுத்துக் கொடுத்தார். உடனே எல்லாப் பிள்ளைகளும் அண்டா கேட்டார்கள்.

"அம்புட்டுத்தான்! விழா முடிஞ்சிருச்சு!" என்றார்.

கடை முழுக்க வாய்கள் திறந்தன. கோபிநாத்தின் வாய்தான் எல்லாவற்றிலும் பெரியது. வேறு வழியின்றி ரவை மாட்டை அவிழ்த்துவிட்டார். இப்போது பெரியவர்களும் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு களத்தில் இறங்கினார்கள். பீட்டரே கல்லாவை விட்டுவிட்டு வந்து, "இந்த மாட்டுக்கு நான் ஒரு கொடம் தாரேன்" என்றார்.

வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. அடைக்கலம் வண்டியை மெதுவாக பில் போடும் பக்கம் நகர்த்தினார்.

"அப்பா, மொளகா மாடு இன்னும் வரலப்பா" என்று இலக்கியா வண்டியை மறித்தாள்.

"அடுத்த மாசம் வரும்த்தா. ஜல்லிக்கட்டுக்கு நேரமாச்சு."

அதற்குள் கோபிநாத் பின்னாலிருந்து முதுகில் தாவி, கழுத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டான். அடைக்கலம் மூன்று தரம் துள்ளிக் குலுக்கினார். பையன் விழவில்லை. ஒட்டியிருந்தவனைச் சுமந்துகொண்டே கல்லாவரை போய்விட்டார்.

கல்லாவுக்கு மேலே டிவியில் ஜல்லிக்கட்டு நேரலை ஓடிக்கொண்டிருந்தது. பாதியாவது பார்த்துவிடலாம் என்று கணக்குப் போட்டபடி அண்ணாந்தார். கேமரா கேலரிப் பக்கம் திரும்பியது. முதல் வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்று, முந்தானையைச் சுழற்றி, இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் அடைக்கலத்தின் கூலிங்கிளாஸ்.

"அண்ணே, அது நம்ம சிவரஞ்சனி அக்கா மாதிரி இல்ல?" என்றார் பீட்டர்.

 அடைக்கலத்தின் முதுகிலிருந்து கோபிநாத் இலக்கியாவைப் பார்த்துக் கத்தினான்.

"அக்கா, அம்மா டிவியில வந்துருச்சு, இனிமே அப்பாவ விட்ரலாம்ல? நாந்தான் கடைசிவரைக்கும் புடிச்சேன், அம்மா சொன்ன சைக்கிள் எனக்குத்தான்!"