வெள்ளச் சங்குக்கு ஒரு காலி பேக்கேஜ்

ஒரு காட்டில் சிங்கம்தான் ராஜா. ஆனால் அந்தக் காட்டு லினக்ஸ் சர்வரின் எதையும் மாற்றவும் அழிக்கவும் விடும் ரூட் பாஸ்வேர்டு இருந்தது கோதண்டம் என்ற நரியிடம். ஆட்சி யாருடையது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஆற்றில் வெள்ளம் ஏறினால் அந்த சர்வர் அபாயச் சங்கு ஊதும். அந்த மென்பொருளை எழுதியது மாசிலாமணி என்ற முள்ளம்பன்றி. அது ஓட ஒரு பழைய லைப்ரரி, அதாவது துணை நிரல்தொகுப்பு, வேண்டும். அதையும் மாசிலாமணியே நம்ம ஆற்றுக்கு ஏற்றபடி திருத்தி வைத்திருந்தது. கரை வளையில் குட்டி போட்டிருந்த செவ்வந்தி முயல் அந்தச் சங்கை நம்பித்தான் இரவில் தூங்கியது.

ராஜாவுக்குப் பிறந்தநாள் வந்தது. கர்ஜனையை நேரலையில் காட்ட ஒரு புது மென்பொருள் வேண்டுமாம். நரி இன்ஸ்டால் செய்யப் போனால், எதற்கு எது துணை என்று பார்க்கும் பேக்கேஜ் மேனேஜர் மறித்தது: "இதற்கு லைப்ரரியின் புதுப் பதிப்பு வேண்டும். பழையதை எடுத்தால் சங்கு ஓடாது. விடமாட்டேன்."

"ரெண்டையும் தனித்தனியா வெச்சுடலாம் சார். என்னோடதுக்கு வேற பேர் போட்டு முறையா பேக்கேஜ் பண்ணித் தரேன். சாயங்காலம் வரைக்கும் பொறுங்க," என்றது மாசிலாமணி.

"ராஜா மேக்கப் போட்டுட்டு உக்காந்திருக்கார்யா! சாயங்காலமாம்!"

நரி பழைய லைப்ரரியை அழித்துவிட்டுப் புதியதைப் போட்டது. பழையதன் பெயரில், உள்ளே ஒன்றுமே இல்லாத ஒரு பேக்கேஜைச் செய்து வைத்தது. மேனேஜர் பெயரைத்தான் பார்க்கும், பிரித்துப் பார்க்காது. 'எல்லாம் சரி' என்று பச்சையில் எழுதிவிட்டது. கர்ஜனை ஜோராக ஓடியது.

அந்த வாரமே மலையில் பேய்மழை. ஆறு ஏறியது, சங்கு ஊதவில்லை. செவ்வந்தி விழித்தபோது தண்ணீர் வளைக்குள் இருந்தது. ஒரு குட்டியைக்கூட அதனால் தூக்க முடியவில்லை.

"சங்கு ஊதலைங்க ராசா," என்று தர்பாரில் கதறியது முயல்.

நரி சர்வர் திரையைத் திருப்பிக் காட்டியது.

"எல்லாம் சரின்னுதானே போட்டிருக்கு? அப்போ ஊதியிருக்கு," என்றது சிங்கம்.

"அந்த பேக்கேஜ் உள்ள ஒண்ணுமே இல்லைங்க, திறந்து பாருங்க!" என்று கத்திய மாசிலாமணியை வெளியே தள்ளினார்கள்.

சிங்கம் முயலை ஏற இறங்கப் பார்த்தது. "இத்தாம் பெரிய காதை வெச்சுக்கிட்டு சங்கு கேக்கலைன்னா, கோளாறு சர்வர்லயா இருக்கு?"

காட்டு முயல்கள் அனைத்தும் காது பரிசோதனைக்கு வர வேண்டும் என்று உத்தரவானது. செவ்வந்தி வரிசையில் முதலில் நின்றது.

நீதி: திரையில் பச்சை எழுத்து இருக்கும்வரை காட்டில் வெள்ளம் வருவதில்லை. அப்படியும் மூழ்கிச் செத்தவர்கள், சரியாக இன்ஸ்டால் ஆகாதவர்கள்.